வெளிநாட்டுக் கடைவீதியில் ஏமாறாமல் பொருள் வாங்குவது எப்படி?

வெளிநாட்டுச் சுற்றுலாத் தலங்களில் ஒரு பொருளின் விலை, அந்தக் கடைக்கு நீங்கள் எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. தானாகத் தேடி வந்தவருக்கு ஒரு விலை. வாடகைக்கார் ஓட்டுநரோ, வழிகாட்டியோ, தெருவில் அறிமுகமான புது நண்பரோ கூட்டி வந்தவருக்கு வேறொரு விலை. கூட்டி வந்தவருக்குச் சேர வேண்டிய கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். ஆகவே, பொருளைக் கையில் எடுப்பதற்கு முன்பே, இந்தக் கடைக்கு வரும் எண்ணம் உங்களுக்குத் தோன்றியதா, பிறர் தோன்றச் செய்ததா என்று யோசித்துப் பார்ப்பது நல்லது.

முதலில் பேச்சுக் கொடுப்பவர்

பாங்காக்கில் பல ஆண்டுகளாக நடந்துவரும் ரத்தினக்கல் மோசடியைச் சற்று நெருங்கிப் பார்த்தால், மற்ற ஊர்களின் தந்திரங்களும் எளிதில் புரிந்துவிடும். பேரரண்மனையின் வாசலுக்குச் சிறிது தூரம் முன்பாக, நன்றாக உடுத்திய ஒருவர் பணிவுடன் அணுகி, இன்று ஏதோ சடங்கு நடப்பதால் மதியம்வரை அரண்மனை மூடியிருக்கும் என்கிறார். அதுவரை பார்க்கத் தகுந்த கோயில் ஒன்றைச் சொல்லி, நம்பமுடியாத அளவு குறைந்த கட்டணத்துக்கு ஒரு டுக்-டுக் வண்டியையும் பேசிவிடுகிறார். அந்தக் கோயிலில், தற்செயலாக வந்தவர்போல நிற்கும் இன்னொருவர், அரசே நடத்தும் வரிவிலக்கு விற்பனை இன்றோடு முடிகிறது, அங்கே வாங்கும் நீலக்கல்லை ஊருக்குக் கொண்டுபோனால் இருமடங்கு விலைக்கு விற்கலாம் என்று பேச்சுவாக்கில் சொல்லி வைக்கிறார். பிறகு வண்டிக்காரரும் அதே கடையின் பெயரைச் சொல்லும்போது, ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் சாட்சி சொன்னதாக மனம் நம்பிவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம், கல் போலியாக இருக்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான். தரம் குறைந்த அசல் கல்லைப் பல மடங்கு விலைக்கு விற்றுவிட்டால், போலி என்று புகார் கொடுக்கவும் வழியில்லை. கல்லைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம் என்று அக்கறையோடு சொல்வதும், அதே ஊரில் வேறொருவரிடம் நீங்கள் அதைக் காட்டி மதிப்புக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். பேரரண்மனை வழக்கமாக எல்லா நாளும் காலை 8.30 மணிக்குத் திறந்துவிடும். எந்த ஊரானாலும், ஓர் இடம் மூடியிருக்கிறது என்று வழியில் நிற்பவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வாசல்வரை நடந்துபோய், சீட்டுக் கொடுக்கும் இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் ஆங்கிலம் பழக விரும்பும் மாணவர்கள்போல வருபவர்கள் தேநீர்ச் சடங்கு பார்க்க அழைக்கிறார்கள். சில கோப்பைத் தேநீருக்குப் பெருந்தொகை பில்லாக வருகிறது. பாரிஸின் மோன்மார்த்ர் குன்றடியில் கையைப் பிடித்து வண்ண நூல் கட்டிவிட்டு, அவிழ்க்க முடியாத நிலையில் காசு கேட்கிறார்கள். இஸ்தான்புலில் ஷூ துடைப்பவர் தூரிகையைத் தவறவிட்டதுபோல நடந்து செல்வார். எடுத்துக் கொடுத்தால், நன்றிக்கடனாக உங்கள் ஷூவைத் துடைக்கத் தொடங்கி, முடிவில் கூலி கேட்பார். இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டிருப்பதும், யார் எதை நீட்டினாலும் கையில் வாங்காமல் இருப்பதும்தான். மரியாதைக் குறைவாகத் தோன்றுமோ என்ற தயக்கம் வேண்டாம். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் இந்தப் பிழைப்பே நடக்கிறது.

மலிவான குழுச் சுற்றுலாவிலும் இதே கணக்குத்தான். செலவுக்கே கட்டுப்படியாகாத கட்டணத்தில் சுற்றிக் காட்டும் நிறுவனம், வழியில் நிறுத்தும் கடைகளிடமிருந்து அந்த இழப்பை ஈடுகட்டிக்கொள்கிறது. இந்த வழக்கம் அளவு மீறிப் போனதால், 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டம், நியாயமற்ற குறைந்த விலையில் ஆள்சேர்த்துக் கடைகள் மூலம் கமிஷன் பெறுவதைத் தடை செய்தது. முன்பதிவு செய்யும்போதே எத்தனை கடைகளில் வண்டி நிற்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிகழ்ச்சிநிரலில் பட்டாலை, கம்பளப் பட்டறை, நகைத் தொழிற்கூடம் என்று எழுதியிருந்தால், அவற்றைப் பெரும்பாலும் விற்பனைக்கூடம் என்றே வாசித்துக்கொள்ளலாம்.

விலையும் அளவும்

விலைப்பலகையில் உள்ள எண்ணைவிட அதன் அருகே உள்ள சிறிய எழுத்து முக்கியமானது. ஹாங்காங்கில் மருந்தாகப் பயன்படும் ஜின்செங் வேரும் உலர்ந்த கடலுணவும் விற்கும் சில கடைகளைப் பற்றிய புகார்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அங்கே கேட்டி என்பது ஏறத்தாழ 605 கிராம். அதில் பதினாறில் ஒரு பங்கான டேல் சுமார் 37.8 கிராம், அதிலும் பத்தில் ஒரு பங்கு மேஸ். வாடிக்கையாளர் கேட்டிக்கான விலை என்று எண்ணித் தலையாட்டியதும், வேரைச் சீவித் துண்டுகளாக்கிவிடுகிறார்கள். பிறகுதான் அது டேலுக்கோ மேஸுக்கோ உரிய விலை என்று தெரியவருகிறது. சீவிய பொருளைத் திருப்பி எடுக்க முடியாது என்ற வாதமும் கூடவே வருகிறது. எடை போடுவதற்கும் வெட்டுவதற்கும் முன்பு, மொத்தத் தொகையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

உணவகங்களிலும் இதைக் காணலாம். இத்தாலியில் மீனின் விலை பல இடங்களில் 100 கிராமுக்கு உரியதாகவே அச்சிடப்பட்டிருக்கும். முழு மீனின் விலை என்று நினைத்து ஆர்டர் செய்பவர் பில்லைப் பார்த்துத் திகைக்கிறார். இது மோசடியும் அல்ல, பட்டியலைச் சரியாக வாசிக்காததன் விளைவு. அதே நாட்டில் நின்றுகொண்டு குடிக்கும் காப்பிக்கும் மேசையில் அமர்ந்து குடிக்கும் காப்பிக்கும் விலை வேறுபடுவதும், தலைக்கு இவ்வளவு என்று இருக்கைக் கட்டணம் சேர்வதும் வழக்கமே. விலை போடாத பட்டியலைக் கொடுத்தால் மட்டும் தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கொடுக்கும் நேரத்தில்

கார்டு இயந்திரம் சில நேரங்களில் ஒரு கேள்வி கேட்கும்: உள்ளூர் நாணயத்தில் செலுத்துகிறீர்களா, உங்கள் நாட்டு நாணயத்திலா? பழகிய நாணயத்தில் தொகை தெரிவதால் இரண்டாவதே பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தால், மாற்று விகிதத்தை உங்கள் வங்கிக்குப் பதிலாக அந்த இயந்திரத்தின் பின்னால் இருக்கும் நிறுவனம் முடிவு செய்கிறது. அந்த விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தக் கூடுதல் கட்டணத்தை ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தோடு ஒப்பிட்டுச் சதவீதமாகக் காட்ட வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்கும் எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். உங்களைக் கேட்காமல் கடைக்காரரே பொத்தானை அழுத்திவிட்டால், அந்தப் பரிவர்த்தனையை ரத்துசெய்து மறுபடி போடச் சொல்ல வேண்டும். ஏடிஎம் திரையிலும் இதே கேள்வி வரும். அங்கேயும் பதில் இதுவே.

ரொக்கத்தில் வேறு வகைக் கவனம் தேவை. வியட்நாமில் 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் நீல நிறச் சாயல் கொண்டவை. மங்கலான வெளிச்சத்தில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிட்டால் இருபத்தைந்து மடங்கு இழப்பு. பெரிய தாள்களைத் தனியே பிரித்து வைப்பதோடு, கொடுக்கும்போது தொகையை வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்கும் பழக்கமும் உதவும். நாணயம் மாற்றும்போது, கட்டணம் இல்லை என்ற பலகையை நம்பாமல், இந்தத் தொகைக்குக் கையில் எவ்வளவு கிடைக்கும் என்று மட்டும் கேளுங்கள். தெருவில் நின்று மாற்றித் தருபவரிடம் போகவே வேண்டாம். பிராகில் உரிமம் பெற்ற மாற்றுக் கடையில் மோசமான விகிதத்துக்கு மாற்றிவிட்டாலும், 1,000 யூரோவுக்கு மேற்படாத பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதைக் காட்டி ரத்துசெய்யலாம்; 2019 ஏப்ரல் முதல் செக் நாட்டுச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது.

சோதித்துப் பார்க்க முடியாத பொருள்கள்

கல், கம்பளம், பழம்பொருள், கம்பளிச் சால்வை ஆகியவற்றின் தரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. 2004 வாக்கில் இருந்து சந்தையில் பரவலாக வரும் விரிசல்களில் ஈயக்கண்ணாடி நிரப்பிய மாணிக்கங்கள் பார்வைக்கு அழகாக இருக்கும். எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்த நிரப்பல் சேதமடையக்கூடும். கடைக்காரர் தானே அச்சிட்டுத் தரும் சான்றிதழுக்கு மதிப்பில்லை. அந்தக் கடையோடு தொடர்பற்ற ஆய்வகத்தின் அறிக்கையும், அதன் எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கும் வாய்ப்பும் இருக்க வேண்டும். சால்வையை மோதிரத்துக்குள் இழுத்துக் காட்டும் வித்தை எதையும் நிரூபிப்பதில்லை, மெல்லிய செயற்கை இழைத் துணியும் அதே மோதிரத்துக்குள் நுழைந்துவிடும். கம்பளத்தைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது ஓரளவு பயன்தரும்: கையால் முடிச்சிட்டதில் முன்பக்கத்து வடிவம் பின்னாலும் தெளிவாகத் தெரியும், முடிச்சுகளில் சிறிய ஒழுங்கின்மையும் இருக்கும். என் கருத்தில், துறை அறிவு இல்லாதவர் இத்தகைய பொருளை முதலீடாக நினைத்து வாங்கவே கூடாது. அழகுக்காக, இழந்தாலும் தாங்கக்கூடிய விலையில் வாங்கினால் போதும்.

சில பொருள்கள் அசலாக இருப்பதே ஆபத்து. யானைத் தந்தம், கடலாமை ஓடு, திபெத்திய மானின் ரோமத்தில் நெய்த ஷாதூஷ் ஆகியவற்றின் பன்னாட்டு வணிகம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ்த் தடைசெய்யப்பட்டது. கடையில் தாராளமாகக் கிடைத்தாலும் சுங்கத்தில் பறிமுதலாகும். எகிப்து, துருக்கி போன்ற நாடுகளிலிருந்து தொல்பொருளை அனுமதியின்றி எடுத்துச் செல்வது குற்றம். இத்தாலியில் போலி பிராண்டுப் பையை விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் 7,000 யூரோ வரை அபராதம் கட்ட நேரிடலாம்.

ஏமாந்துவிட்டால்

ரசீது, கடையின் முகப்புப் படம், பொருளின் படம், கார்டுச் சீட்டு ஆகியவற்றை ஒன்றாகத் திரட்டிக்கொண்டு, அந்த நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே புகார் கொடுங்கள். ஊர் திரும்பிய பிறகு மின்னஞ்சலில் சண்டை போட்டுப் பயனில்லை. தாய்லாந்தில் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155. ஹாங்காங்கில் அளவு சார்ந்த ஏமாற்று வேலைகளைச் சுங்கத் துறையே விசாரிக்கிறது. கார்டில் செலுத்தியிருந்தால் உங்கள் வங்கியை உடனே அழைத்து, தொகையைத் திரும்பப் பெறும் முறையீட்டைப் பதிவு செய்யுங்கள். பொருள் வந்து சேரவில்லை, சொன்னதற்கு மாறான பொருள் வந்தது என்பன போன்ற காரணங்கள் அங்கே எடுபடும். விலை அதிகம் என்ற காரணம் எடுபடாது. ஆகவே ரசீதில் ‘கல்’ என்று மட்டும் எழுதவிடாமல், வகை, எடை, அழகு கூட்ட அதற்குச் செய்யப்பட்ட பதனம் (சூடாக்கியது, கண்ணாடி நிரப்பியது போன்றவை) என எல்லா விவரத்தையும் வாங்கும்போதே கடைக்காரர் கையால் எழுதி வாங்கி வைத்திருந்தால், வங்கியிடம் காட்டுவதற்கு அந்தத் தாள் இருக்கும்.