லண்டனுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? கருத்தடை மாத்திரையும் மாதவிடாய்த் தேதியும்

ஊரில் கல்யாணமோ கோயில் விசேஷமோ வந்தால், மெடிக்கலில் சொல்லி 'தள்ளிப்போடுற மாத்திரை' வாங்கிவிடுவோம். இங்கிலாந்தில் அந்த மாத்திரையை, அதாவது நோரெத்திஸ்டிரோனை, கேட்டவுடன் எடுத்துத் தர மாட்டார்கள். அதனால் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வரவழைக்கிற பெண்கள் நிறைய. நீங்கள் ஏற்கெனவே கருத்தடை மாத்திரை எடுப்பவர் என்றால், பெரும்பாலும் அது உங்களுக்குத் தேவையே இல்லை.

ஊரில் கிடைக்கும் மாலா-டி, மாலா-என் இரண்டும் இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரைகள். இங்கே அதிகம் தரப்படும் மைக்ரோகைனான் 30-இலும் அதே இரண்டு மருந்துகள், அதே அளவில்தான் இருக்கின்றன. 21 நாள் மாத்திரை, 7 நாள் இடைவெளி. மாலா-டி பட்டையில் அந்த 7 நாளுக்கு இரும்புச்சத்து மாத்திரை வைத்திருப்பார்கள். இடைவெளியில் ஹார்மோன் நின்றுபோவதால், பொதுவாக இரண்டு மூன்று நாளில் இரத்தப்போக்கு தொடங்கும். அது இயல்பான மாதவிடாய் அல்ல. அந்த இடைவெளியால் உடலுக்குத் தனி நன்மையும் இல்லை என்று இந்நாட்டின் மகப்பேறு, குடும்ப நல நிபுணர்கள் 2019-இலேயே வழிகாட்டுதலில் சொல்லிவிட்டார்கள். ஆகவே விசேஷம் வரும் வாரத்தில் இடைவெளி விடாமல், 21 மாத்திரை முடிந்த மறுநாளே அடுத்த பட்டையைத் தொடங்கலாம். மருந்தில்லாத 7 மாத்திரை உள்ள பட்டை என்றால் அந்த ஏழையும் விட்டுவிடுங்கள். நடுவில் லேசாகத் திட்டுத்திட்டாகப் படலாம், பயப்பட வேண்டாம். பட்டையில் ஹார்மோன் மாத்திரைகளே வெவ்வேறு நிறத்தில், வெவ்வேறு மருந்தளவில் இருந்தால் மட்டும் பார்மசிஸ்ட்டிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

'உள்ளே இரத்தம் தேங்கிவிடும்' என்று வீட்டுப் பெரியவர்கள் கவலைப்படுவார்கள். மாத்திரை எடுக்கும்போது கருப்பையின் உட்சுவர் மெலிந்தே இருப்பதால் தேங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. இதைப் பொறுமையாக அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒற்றை ஹார்மோன் மாத்திரை, அதாவது மினி பில், எடுப்பவர்களுக்கு இந்த வழி உதவாது. அதை இடைவெளியே இல்லாமல் எடுக்க வேண்டும். இரத்தப்போக்கு எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. சிலருக்கு அடிக்கடி படும், சிலருக்கு நின்றேபோகும்.

கருத்தடை மாத்திரை எடுக்காதவர்கள் நோரெத்திஸ்டிரோனுக்கு ஜிபியிடம், அதாவது நீங்கள் பதிந்திருக்கும் குடும்ப மருத்துவரிடம், கேட்கலாம். வழக்கமாக 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, எதிர்பார்க்கும் தேதிக்கு 3 நாள் முன்பே தொடங்க வேண்டும். அதனால் கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். அது கருத்தடை செய்யாது. இரத்தக்கட்டி வந்த வரலாறு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

பயணத்தன்று நேரக் கணக்கில் பலர் குழம்புகிறார்கள். ஊரில் இரவு 9 மணி என்பது லண்டனில் குளிர்காலத்தில் மாலை 3.30, கோடையில் 4.30. இங்கேயும் இரவு 9 மணிக்கே எடுத்தால் ஐந்தரை மணி நேரம் வரை தாமதம். இரண்டு ஹார்மோன் மாத்திரைக்கு அது பொருட்டில்லை. டெசோஜெஸ்ட்ரெல் மினி பில்லுக்கு 12 மணி நேரம் வரை தாங்கும். பழைய வகை மினி பில் சிலவற்றுக்கு 3 மணி நேரம்தான். அவற்றை எடுப்பவர்கள் ஊர் நேரக் கணக்கிலேயே எடுத்து வர வேண்டும்.

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: இந்தியாவிலிருந்து வந்த இளவயதினரை மறைந்திருக்கும் காசநோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள ஜிபி அழைப்பதுண்டு. சிகிச்சையாகத் தரும் ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும், அந்தக் காசநோய் மருந்தை நிறுத்திய பிறகும் 4 வாரம் வரைக்கும். தேதி தப்பிவிட்டதே என்று தவிப்பதற்கு முன், மருந்து எழுதும்போதே சொல்லி வேறு கருத்தடை முறை கேளுங்கள்.

கருத்தடை மாத்திரை இங்கே இலவசம். பாலியல் நல கிளினிக்குக்குப் போக ஜிபியிடம் பதிந்திருக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் 2023 டிசம்பரிலிருந்து பல பார்மசிகளிலேயே முதல்முறை மாத்திரையும் தொடங்கித் தருகிறார்கள். ஊர்ப் பட்டையைக் கையில் கொண்டுபோங்கள், பெயரைவிட அதிலுள்ள மருந்துதான் அவர்களுக்கு வேண்டும். ஊரில் சஹேலி என்ற ஹார்மோன் இல்லாத கருத்தடை மாத்திரை எடுத்தவர்கள் மாற்று முறைதான் பார்க்க வேண்டும். அது இங்கே இல்லை. இரத்த அழுத்தம், எடை பார்ப்பார்கள். கண்ணில் மின்னலடிப்பது போலத் தொடங்கும் ஒற்றைத் தலைவலி, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம், குழந்தை பிறந்து 6 வாரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பது, இவற்றில் எது இருந்தாலும் மறைக்காதீர்கள். அப்படியானவர்களுக்கு இரண்டு ஹார்மோன் மாத்திரை தர மாட்டார்கள். மாத்திரை எடுக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழையுங்கள். திடீர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் அவசர எண் 999.

ஆங்கிலம் தடுமாறினால் அப்பாயின்ட்மென்ட் போடும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், ஜிபியில் அதற்குக் கட்டணமில்லை. கணவரையோ மாமியாரையோ உள்ளே அழைத்துப்போக வேண்டிய கட்டாயமும் இல்லை. நீங்கள் பேசியதை அவர்களிடம் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குக் கடிதமோ குறுஞ்செய்தியோ வரக்கூடாது என்றால் அதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லி எழுதிவைக்கச் சொல்லலாம்.