கடல் ரிக்கில் வேலைக்கு வரும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன முறை ரிக்குக்கு, அதாவது கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடைக்கு, போனபோது, புதிதாகச் சேர்ந்திருந்த இளம் பொறியாளர் ஒருத்தியைப் பார்த்தேன். ஷிப்ட் மாறும் நேரம். எதிரே இருந்தவர் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பாதிக்கு மேல் புரியவில்லை என்று முகமே காட்டிக்கொடுத்தது. முதல் மாதத்தில் நானும் அப்படித்தான் நின்றேன். ஹெல்மெட், பூட்ஸ் பற்றியெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

புரியாமல் தலையாட்டுவது

12 மணி நேரம் வேலை பார்த்தவர் படுக்கப் போகும் அவசரத்தில் இருப்பார். சுற்றிலும் ஆண்கள். "இதுகூடத் தெரியாதா" என்று நினைப்பார்களே என்று வாய் திறக்க மாட்டோம்.

"ரெண்டாம் பம்பு பாத்தாச்சு" என்றார் என்னிடம் ஒருவர். பழுது நீக்கியாயிற்று என்று நான் எடுத்துக்கொண்டேன். பழுது என்னவென்று பார்த்தாயிற்று, வேலை இனிமேல்தான் என்பது அவர் சொன்னதன் பொருள். பம்பை ஓட்டலாம் என்று டிரில்லரிடம், அதாவது துளையிடும் இயந்திரத்தை இயக்குபவரிடம், சொல்லிவிட்டேன். அவர் முடுக்கினார், ஓடவில்லை. மெக்கானிக் மின்சாரத்தைத் துண்டித்துத் தன் பூட்டைப் போட்டிருந்தார். அந்த நேரம் அவர் கை பம்புக்குள் இருந்தது. பூட்டு மட்டும் இல்லையென்றால் அந்தக் கை போயிருக்கும். இன்றைக்கும் நினைத்தால் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை எரிந்ததும் இப்படித்தான் தொடங்கியது. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகலில் கழற்றி வைத்திருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் பம்பை ஓட்டினார்கள். 167 பேர் இறந்தார்கள்.

அதனால், கேட்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்: "ரெண்டாம் பம்ப ஓட்டக்கூடாது, லைனர் மாத்தணும், பர்மிட் இன்னும் முடியல. சரிதானே?" பர்மிட்டை, அதாவது அந்த வேலைக்கான அனுமதிச் சீட்டை, கையில் வாங்கிப் படியுங்கள். நடந்துபோய்ப் பூட்டைக் கண்ணால் பாருங்கள். முகம் சுளிப்பவர் சுளிக்கட்டும்.

தண்ணீர் குடிக்காமல் சமாளிப்பது

கழிவறை தூரம், உடல் முழுக்க மூடும் கவரால் உடுப்பைக் கழற்ற நேரமாகும் என்று குடிக்காமலே இருப்பார்கள். வெயிலில் மயங்கி விழுவீர்கள். குடியுங்கள்.

அளவு பொருந்தாததைப் போட்டுக்கொள்வது

பெரிய கையுறை சுழலும் இயந்திரத்தில் சிக்கும். கழுத்திலும் மணிக்கட்டிலும் தளர்ந்த சர்வைவல் சூட்டுக்குள், அதாவது கடலில் விழுந்தால் உயிர் காக்கும் உடைக்குள், கடல்நீர் புகும். உங்கள் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

தொந்தரவை மறைப்பது

யாராவது உங்களிடம் தவறாக நடந்தால், கரைக்குக் கூட்டிப்போக ஹெலிகாப்டர் வரும்வரை அவரோடுதான் அதே படிக்கட்டு, அதே சாப்பாட்டு மேசை. முதல் நாளே ரிக் மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.