ரஷ்யனும் சமஸ்கிருதமும் ஒரே நோட்டில்

டெல்லியில் ரஷ்ய மொழியோடு சமஸ்கிருதமும் எடுத்தபோது, முனிர்கா அறையில் தனித்தனி நோட்டு வைத்திருந்தேன். தப்பு. ஒரே நோட்டு போதும், பக்கத்தை நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ரஷ்யன்: த்வா, த்ரி, ப்ராத், அகோன். வலப்பக்கம் சமஸ்கிருதம்: த்வி, த்ரி, ப்ராத்ரு, அக்னி (இரண்டு, மூன்று, சகோதரன், நெருப்பு). மனப்பாட வேலை பாதி மிச்சம்.

அப்புறம் வேற்றுமை. பள்ளியில் எட்டு ஒப்பித்த நமக்கு ரஷ்யனின் ஆறு பெரிதா? ஆனால் தமிழில் ‘ஐ’ எல்லாப் பெயருக்கும் ஒட்டும். அங்கே பால், எண் மாறினால் விகுதியும் மாறும். அதனால் ‘க்னீகா’ (புத்தகம்) என்று தனிச்சொல்லாக எழுதாமல், ‘சிதாயு க்னீகு’ (புத்தகம் படிக்கிறேன்) என்று வாக்கியமாகவே எழுதுங்கள்.

ரஷ்யனின் 33 எழுத்துகளுக்கு ஒரு வாரம் தாராளம். கிரேக்கம் தெரிந்தால் இன்னும் சுலபம், ரஷ்யன் எழுதப்படும் சிரில்லிக் லிபி கிரேக்க எழுத்திலிருந்து கிளைத்ததுதான். கையெழுத்து வடிவத்தை மட்டும் முதல் நாளே பழகுங்கள்: ‘த’ ஓசைக்கான எழுத்து ஆங்கில ‘எம்’ மாதிரி இருக்கும். முதல் டிக்டேஷனில் எனக்கு முட்டை.