வீட்டிலும் ஒபிசிலுமாக வேலை செய்யும் குழுவா? முதலில் போனை அடக்குங்கள்

யாழ்ப்பாணத்தில் ஏழு பேர் கொண்ட சின்ன மென்பொருள் குழு எங்களுடையது. மூன்று பேர் ஒபிசுக்கு வருவார்கள், மற்றவர்கள் பருத்தித்துறை, சாவகச்சேரி என்று வீட்டிலிருந்தே வேலை. அதில் ஒரு தங்கச்சி ஒருநாள் வேலையை விடப்போவதாகச் சொன்னாள். "சாப்பிடேக்கையும் போன் அடிக்குது அண்ணா, ஆனா ஒபிசில என்ன முடிவெடுத்தனீங்கள் எண்டு எனக்கு ஒருநாளும் தெரியாது." அதற்குப் பிறகு நாங்கள் செய்தவை இவை.

படி 1: எண்ணிப் பாருங்கள்
ஒரு கிழமைக்கு எதையும் மாற்றவேண்டாம். அன்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்க்ரீன் டைம்'. எந்தச் செயலி ஒரு நாளில் எத்தனை தடவை அறிவிப்பு அனுப்பிக் கூப்பிடுகிறது என்று அங்கே தெரியும். உங்களுடையதை முதலில் பாருங்கள், குழுவினரின் போனைக் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டாம்.

படி 2: எது எங்கே என்று எழுதுங்கள்
அவசரம் என்றால் தொலைபேசி அழைப்பு. அன்றைக்குள் பதில் தேவையென்றால் ஸ்லாக் அல்லது டீம்ஸ் போன்ற வேலைக்குழு அரட்டைச் செயலி. ஆறுதலாகப் பார்க்கலாம் என்றால் மின்னஞ்சல். வட்ஸ்அப்பில் வேலைக்கதை வேண்டாம், அது வீட்டுக்காரருக்கும் கோயில் திருவிழாவுக்கும்.

படி 3: நேரத்தைப் பூட்டுங்கள்
எங்கள் வாடிக்கையாளர் லண்டனில். கோடையில் அவர்கள் நம்மைவிட நாலரை மணித்தியாலம் பின்னால், ஒக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து ஐந்தரை. அதாவது குளிர்காலத்தில் அங்கே மாலை நாலு மணிக்கு எழுதுவது இங்கே இரவு ஒன்பதரைக்கு வந்து விழும். அதனால் இங்கத்தைய நேரப்படி பிற்பகல் 2.30 முதல் 5.30 வரைதான் பொதுநேரம் என்று அவர்களிடமே கேட்டு முடிவாக்கினோம். இரவில் உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், ஆனால் ஜிமெயில், ஸ்லாக், டீம்ஸ் மூன்றிலுமே நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது, காலை ஒன்பதுக்குப் போகும்படி வையுங்கள். தலைவர் இரவில் அனுப்பிவிட்டு 'நாளைக்குப் பார்த்தால் போதும்' என்றால், யாரும் நாளைவரை காத்திருக்கமாட்டார்கள்.

படி 4: தேநீர்க் கதையை எழுத்தாக்குங்கள்
எங்களுக்கு அதிகம் பயன் தந்தது இதுதான். ஒபிசில் மூன்று பேர் பிளேன்ரீ குடித்துக்கொண்டே மென்பொருளின் ஒரு திரையை மாற்றுவதாக முடிவெடுப்போம், வீட்டிலிருப்பவர் பழைய திரைக்கு இரண்டு நாள் உழைத்துக்கொண்டிருப்பார். இப்போது எழுதப்படாதது முடிவே இல்லை: என்ன, ஏன், யார் செய்வது என்று மூன்று வரி, எல்லோரும் பார்க்கும் இடத்தில். அப்புறம் கூட்டத்தில் ஒருவர் வீட்டிலிருந்து சேர்ந்தாலும், ஒபிசில் இருப்பவர்களும் அவரவர் மடிக்கணினியிலேயே சேர்வார்கள். அறைக்குள் மூன்று முகமும் திரையில் தனிமுகமுமாக இருந்தால் அந்தத் தனிமுகம் பேசாது.

படி 5: தனியே கதையுங்கள்
இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொருவருடனும் இருபது நிமிடம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. மவுஸ் அசைகிறதா என்று கண்காணிக்கும் மென்பொருளைத் தயவுசெய்து போடாதீர்கள், அதைவிட 'இந்தக் கிழமை உங்கள் வேலையை எது குழப்பியது?' என்று கேட்டால் போதும். சொன்னதில் ஒன்றையாவது உடனே திருத்திக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்தமுறை "ஒண்டுமில்லை அண்ணா, எல்லாம் ஓகே" என்றுதான் பதில் வரும்.