உள்ளூர் கால்பந்து கிளப்பின் மைதானத்தை ஊரே வாங்குவது எப்படி? இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கான செய்முறை

உங்கள் ஊர் கிளப் இங்கிலாந்து லீக் வரிசையின் ஏழாவது, எட்டாவது அடுக்கில் தள்ளாடிக்கொண்டிருக்கிறது. மைதானம் வேறொருவர் பெயரில் இருக்கிறது. கோல் கம்பத்துக்குப் பின்னால் அளவெடுக்கும் கருவியோடு இரண்டு பேர் நிற்பதைப் பார்த்துவிட்டீர்கள். இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

எங்கள் ஊரில் இதைச் செய்து முடித்தோம். கிளப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பழைய உரிமையாளருடன் கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. லீக் அடுக்குகள், ஆதரவாளர் டிரஸ்ட் போன்றவற்றை விளக்கிக்கொண்டிருக்க மாட்டேன். இன்னொன்று, கீழே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு, இதைவிட வலுவானது. வேல்ஸில், விற்பனைக்கு வரும் இடத்தை ஊரே வாங்க முயலும் இந்த உரிமை நடைமுறைக்கே வரவில்லை.

படி 1: நிலம் யாருடையது என்று பாருங்கள்

"சேர்மன்தான் ஓனர்" என்று தேநீர்க் கவுண்டரில் சொல்வதை நம்ப வேண்டாம். நில உரிமைகளைப் பதிவு செய்யும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசு இணையதளத்தில் உரிமை ஆவணத்துக்கு 7 பவுண்டு, வரைபடத்துக்கு 7 பவுண்டு. தேடினால் முதலில் வந்து நிற்பவை இதே தாளை இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கும் இடைத்தரகர் தளங்கள்; அவற்றை மூடிவிடுங்கள்.

ஆவணத்தில் மூன்று பகுதிகள் இருக்கும். இரண்டாவதில் உரிமையாளர் பெயர் இருக்கும்: தனி ஆளா, கிளப் கம்பெனியா, அதன் தாய்க் கம்பெனியா, நகர மன்றமா? மூன்றாவதில் அடமானமும் நிபந்தனைகளும் இருக்கும். பல பழைய மைதானங்கள் "விளையாட்டுக்கு மட்டும்" என்ற நிபந்தனையோடு கைமாறியவை. அப்படி ஒரு வரி கிடைத்தால் மஞ்சள் மையால் தீட்டி வையுங்கள். பிறகு விலை பேசும்போது அது பணமாக மாறும். வரைபடத்தையும் கூர்ந்து பாருங்கள். ஆடுகளம் ஒரு பட்டாவிலும் கார் நிறுத்துமிடம் இன்னொரு பட்டாவிலும் இருப்பது சகஜம். வழி இல்லாத மைதானத்தை வாங்கி என்ன செய்வது?

படி 2: மைதானத்தைப் பட்டியலில் ஏற்றுங்கள்

2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டப்படி, ஊருக்குப் பயன்படும் ஓர் இடத்தை "சமூக மதிப்புச் சொத்து" என்று பதிவு செய்யும்படி நகர மன்றத்திடம் கேட்கலாம். ஆங்கிலத்தில் எல்லோரும் ஏசிவி என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டும் லிவர்பூலின் ஆன்ஃபீல்டும்கூட 2013இல் இந்தப் பட்டியலில் ஏறியவைதான். மன்றம் 8 வாரங்களில் முடிவு சொல்ல வேண்டும். பதிவானால் 5 ஆண்டுகள் செல்லும்.

பதிவு செய்யப்படாத சாதாரணக் குழுவும் விண்ணப்பிக்கலாம். குறைந்தது 21 பேர் வேண்டும். அவர்கள் அந்த மன்றத்தின் எல்லையிலோ பக்கத்து மன்றத்திலோ வாக்காளர் பதிவேட்டில் இருக்க வேண்டும். இங்கே நம்மவர்களுக்கு ஒரு செய்தி: இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள். முறையான விசாவில் இங்கே வசித்தாலே வாக்காளராகப் பதியலாம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. "நான் ஸ்டூடன்ட் விசாதானே அண்ணா" என்று ஒதுங்கிய தம்பிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பெயர்களில் கவனம். பதிவேட்டில் ஒருவருக்கு அப்பா பெயர் முன்னால், அடுத்தவருக்கு இனிஷியல் பின்னால், மூன்றாமவருக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே நீளச் சொல். கையெழுத்துப் போடும்போது எல்லோரும் புழக்கத்துப் பெயரை எழுதிவிடுவார்கள். மன்ற அலுவலர் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பொருந்தாத பெயர்களை அடித்துவிடுவார். சரியாக 21 பேரோடு போனால் ஒரு பெயர் விழுந்தாலும் விண்ணப்பமே விழும். முப்பது பேரைச் சேருங்கள்.

கையெழுத்துக்கு ஆன்லைன் படிவம் வேண்டாம் என்பது என் கட்சி. இடைவேளையில் வாசலருகே அட்டையில் செருகிய தாளும் நான்கு பேனாவும் போதும். பாதி ஆட்டத்தில் தேநீருக்கு நிற்கிற வரிசைக்கு வேறு வேலை இல்லை.

விண்ணப்பத்தில் கிளப் வரலாறு எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். ஐம்பதுகளில் யாரைத் தோற்கடித்தீர்கள் என்பதை அலுவலர் படிக்க மாட்டார். அவர் பார்ப்பது இரண்டு கேள்விகள்: இந்த இடம் இன்று ஊர் மக்களின் நலனுக்கோ பொழுதுபோக்குக்கோ பயன்படுகிறதா? அது தொடர வாய்ப்பு இருக்கிறதா? செவ்வாய் மாலை சிறுமியர் பயிற்சி, வியாழன் முதியோர் ஓடாமல் நடந்தே ஆடும் கால்பந்து, கிளப் கூடத்தில் நடந்த பூப்புனித நீராட்டு விழா என்று கால அட்டவணையாகக் கொடுங்கள். எல்லையைக் காட்ட மென்பொருள் எதுவும் வேண்டாம். படி 1இல் வாங்கிய வரைபடத்தை அச்சிட்டுச் சிவப்பு மையால் கோடு போடுங்கள்.

படி 3: சங்கத்தைப் பதிவு செய்யுங்கள், இப்போதே

எங்களைத் தடுக்கிவிட்ட படி இதுதான். இதில் மட்டும் அவசரப்படாமல் வாசியுங்கள்.

ஏசிவி பட்டியலில் உள்ள இடத்தை உரிமையாளர் விற்க நினைத்தால் மன்றத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அன்றிலிருந்து 6 வாரம் விற்பனை நிற்கும். அந்த 6 வாரத்துக்குள் ஒரு சமூக அமைப்பு "நாங்களும் கேட்கிறோம்" என்று மன்றத்துக்கு எழுதினால், தடை மொத்தம் 6 மாதமாக நீளும். பணம் திரட்டக் கிடைக்கும் ஒரே இடைவெளி அதுதான்.

பட்டியலில் ஏற்றக் கேட்ட அதே 21 பேர் குழுவால் இந்தக் கடிதத்தை எழுத முடியாது! முதல் கதவைத் திறக்கிற சாவி இரண்டாவது கதவுக்குச் சேராது. இரண்டாவதற்குப் பதிவு பெற்ற அமைப்பு வேண்டும்: அறக்கட்டளை, லாபம் பிரிக்காத கம்பெனி, சமூக நலச் சங்கம் போன்றவை. எங்கள் கடிதத்துக்கு மன்றத்திலிருந்து வந்த பதில் இரண்டே வரி: விண்ணப்பதாரர் விதிகளின்படி தகுதியுள்ள அமைப்பு அல்ல, கெடு தேதி இன்னது. கெடு அடுத்த வாரம்.

கைகொடுத்தது பாரிஷ் கவுன்சில், அதாவது ஊர் அளவிலான சிறிய உள்ளாட்சி மன்றம். மைதானம் தன் எல்லைக்குள் இருந்தால் அதுவே இந்தக் கடிதத்தை எழுதலாம். எங்கள் ஊரில் அவசரக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றி, கடிதத்தை எழுத்தர் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தார். லண்டனில் பெரும்பாலான இடங்களில் பாரிஷ் கவுன்சிலே கிடையாது, அதனால் இந்த வழியை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

எந்த அமைப்பு நல்லது என்றால், தயங்காமல் சமூக நலச் சங்கம் என்பேன். 2014ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி நிதி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிஏவில் பதிய வேண்டும். மூன்று உறுப்பினர் போதும். பத்தாயிரம் பவுண்டு போட்டவருக்கும் ஐம்பது போட்டவருக்கும் ஒரே ஒரு வாக்கு. சொந்தமாக விதிகள் எழுதாதீர்கள்; மாதிரி விதிகள் கிடைக்கின்றன, கட்டணமும் நேரமும் மிச்சம். சங்கத்தின் சொத்தை ஊர் நலனுக்கு அன்றி வேறெதற்கும் பயன்படுத்த விடாத சொத்துப் பூட்டு விதியை மட்டும் மறக்காமல் சேருங்கள். ஒருமுறை சேர்த்தால் பின்னால் வரும் கமிட்டி நினைத்தாலும் நீக்க முடியாது. வருங்காலக் கமிட்டிகள் மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

படி 4: விற்பனைக் கடிதம் வந்த பிறகு

இந்த 6 மாதத்தில் உரிமையாளர் சமூக அமைப்புக்கு மட்டுமே விற்க முடியும். ஆனால் உங்களுக்கு விற்றே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கெடு முடிந்ததும், முதல் கடிதத் தேதியிலிருந்து 18 மாதம் வரை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். பலர் ஏசிவி கிடைத்தாலே மைதானம் தப்பிவிட்டதாகக் கேக் வெட்டுகிறார்கள். கிடைத்திருப்பது அவகாசம் மட்டும்தான்.

முதல் வாரமே பட்டயம் பெற்ற மதிப்பீட்டாளரை அமர்த்துங்கள். இரண்டு விலை கேளுங்கள்: விளையாட்டு இடமாக எவ்வளவு, வீடு கட்ட அனுமதி கிடைத்தால் எவ்வளவு. விற்பவர் இரண்டாவதை மனதில் வைத்துத்தான் பேசுவார்.

படி 5: பணம்

சங்கம் சமூகப் பங்குகளை வெளியிடலாம். திரும்பப் பெறக்கூடிய பங்கில் ஒருவர் அதிகபட்சம் ஒரு லட்சம் பவுண்டு போடலாம். பங்கின் விலை ஏறாது, பங்குச் சந்தையில் விற்க முடியாது, சங்கம் நொடித்தால் பணம் போனதுதான். இழப்பீட்டுத் திட்டம் எதுவும் காப்பாற்றாது. "திருப்பித் தருவீர்களா தம்பி?" என்று கேட்கும் மாமாவிடம், கையில் உபரி இருந்து நிர்வாகக் குழு சம்மதித்தால் மட்டும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நம்மில் பலர் சீட்டுப் பணம் போல நினைத்துக்கொள்கிறார்கள். இது அப்படி இல்லை.

முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு: அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியதில் வெறுத்து 2005இல் ஆதரவாளர்கள் தொடங்கிய எஃப்சி யுனைடெட், மாஸ்டனில் 2015இல் திறந்த பிராட்ஹர்ஸ்ட் பார்க்குக்கு இப்படிப் பங்கு விற்றுத்தான் சுமார் 20 லட்சம் பவுண்டு திரட்டியது. ஆதரவாளர்களே நடத்தும் ஏஎஃப்சி விம்பிள்டன் கடன் பத்திரம் வெளியிட்டு 50 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்த்தது. 2020 நவம்பரில் விம்பிள்டனின் பழைய தாயகமான பிளவ் லேனுக்குத் திரும்பியது.

நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் பெரி எஃப்சி. 1900, 1903 என இருமுறை எஃப்ஏ கோப்பை வென்ற கிளப், 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. 1885 முதல் ஆடிய கிக் லேன் மைதானத்தை 2022 பிப்ரவரியில் ஆதரவாளர்கள் வாங்கினார்கள். அதில் 10 லட்சம் பவுண்டு அரசின் சமூக உடைமை நிதி. ஆனால் ஆட்டம் உடனே திரும்பவில்லை. ஆதரவாளர்கள் அதற்குள் இரண்டு அமைப்புகளாகப் பிரிந்திருந்தார்கள். 2022 அக்டோபரில் இணைப்பு வாக்கெடுப்பு தோற்றது, 2023 மே மாதம்தான் நிறைவேறியது. மைதானம் கிடைத்தும் நம்மவர் சண்டையால் ஓராண்டுக்கு மேல் புல் சும்மா வளர்ந்தது. பங்கு வெளியீட்டுக்கு முன்பே ஊரில் உள்ள எல்லா ஆதரவாளர் குழுக்களையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள்.

அந்த அரசு நிதி 2024 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகள் இன்னும் அதை நோக்கிக் கைகாட்டுகின்றன, நேரத்தை வீணாக்காதீர்கள்.

படி 6: மைதானம் வேறு, கிளப் வேறு

வாங்கியதும் இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். நிலம் சங்கத்திடம் இருக்கட்டும், கிளப்புக்கு நீண்ட காலக் குத்தகை கொடுங்கள். போர்ட்ஸ்மத் ஆதரவாளர்கள் 2013இல் கிளப்பையும் அதன் மைதானமான ஃபிராட்டன் பார்க்கையும் மீட்டார்கள். 2017இல் கிளப்பை விற்க வாக்களித்தபோது மைதானமும் கூடவே போயிற்று. மாறாக, ஆதரவாளர்கள் பங்கு வைத்திருக்கும் செல்சி பிட்ச் ஓனர்ஸ் கம்பெனி, செல்சியின் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் நிலத்தைத் தனியாக வைத்திருப்பதால், 2011இல் கிளப் அதைத் திரும்பக் கேட்டபோது பங்குதாரர்கள் மறுக்க முடிந்தது.

பிற்சேர்க்கை 1: 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைத்த அதிகாரப் பகிர்வு மசோதா, 6 மாத அவகாசத்தை 12 மாதமாக்கி, சமூக அமைப்புக்கு முதல் வாங்கும் உரிமை தர முன்மொழிந்தது. விளையாட்டு மைதானங்களுக்குத் தனி ஏற்பாடும் அதில் இருந்தது. விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று மன்றத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 2: மிட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர், தங்கள் மைதானம் பட்டியலில் இருந்தும் கடிதமே வராமல் கைமாறிவிட்டது என்று எழுதினார். விசாரித்தால், விற்றது நிலத்தை அல்ல, நிலம் வைத்திருக்கும் கம்பெனியின் பங்குகளை. அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. குடும்பத்துக்குள் மாற்றினாலும், நடக்கும் தொழிலோடு சேர்த்து விற்றாலும், குத்தகைதாரர் காலி செய்யாமல் விற்றாலும் இதே கதைதான். ஆகவே படி 1இல் கம்பெனி பெயர் வந்திருந்தால், கம்பெனிகளின் அரசுப் பதிவேடான கம்பெனிஸ் ஹவுஸ் தளத்தில் அதைப் பின்தொடரும் வசதியை இயக்கி வையுங்கள். இலவசம்தான். இயக்குநர் மாறினாலோ புதிய அடமானம் பதிவானாலோ மின்னஞ்சல் வரும். வந்த அன்றே உரிமையாளரைப் பார்க்கப் போங்கள். அந்த நிலையில் சட்டம் துணைக்கு வராது, நேரில் பேசித்தான் ஆக வேண்டும்.