துறைகளின் பட்டப்பெயர்கள்: எங்கே தவறு நேர்கிறது?

பொருளாதாரத்துக்கு ஆங்கிலத்தில் ‘டிஸ்மல் சயின்ஸ்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. மனச்சோர்வு தரும் அறிவியல் என்று வைத்துக்கொள்ளலாம். இதைக் குறிப்பிடுகிறவர்களில் பலர் கையோடு மால்தஸையும் இழுத்துவிடுகிறார்கள். மக்கள்தொகைக்கு உணவு ஈடுகொடுக்காது என்று அவர் 1798இல் எழுதினார், அதனால் வந்த பெயர் என்பார்கள். அப்படியல்ல. ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல் இந்தச் சொல்லை எழுதியது 1849இல், மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின மக்களைப் பற்றிய கட்டுரையில். அடிமைமுறை ஒழிந்த பிறகும் அவர்களிடம் கட்டாயப்படுத்தி வேலை வாங்க வேண்டும் என்பது அவருடைய வாதம். தேவையும் அளிப்பும் தீர்மானிக்கட்டும், மனிதரை அவரவர் போக்கில் விடுங்கள் என்றார்கள் பொருளாதார அறிஞர்கள். அதற்கு விழுந்த வசை இது. 1850இல் பொருளாதார அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் கார்லைலுக்குக் கடுமையாக மறுப்பும் எழுதினார். இந்தப் பின்னணி தெரியாமல் பெயரை மட்டும் எடுத்தாண்டால், அந்தத் துறை பெருமைப்பட வேண்டிய இடம் அதன் குறையாகத் தெரிகிறது.

அடுத்த தவறு, பெயரை யார் சொல்கிறார்கள் என்று பாராமல் விடுவது. கேட்டகரி தியரி என்ற கணிதப் பிரிவைக் கணிதக்காரர்களே ‘ஆப்ஸ்ட்ராக்ட் நான்சென்ஸ்’ என்பார்கள். ஒரு நிரூபணத்தில் ‘இந்தப் படி ஆப்ஸ்ட்ராக்ட் நான்சென்ஸால் கிடைக்கிறது’ என்றிருந்தால், எடுத்துக்கொண்ட பொருளின் தனி விவரங்கள் தேவையில்லை, பொதுக் கட்டமைப்பே போதும் என்று அர்த்தம். அதை ‘அருவ உளறல்’ என்று பெயர்த்துவைத்தால், கணிதவியலாளர்களே அந்தத் துறையை ஒதுக்கிவிட்டதாக வாசகர் நினைத்துக்கொள்வார். ‘சாஃப்ட் சயின்ஸ்’ இதற்கு நேர்மாறானது. சமூக அறிவியல்களைப் பெரும்பாலும் வெளியாட்கள் அப்படி அழைக்கிறார்கள், அதில் ஏளனம் ஒட்டியிருக்கிறது. சமூகவியல் படிப்பவரிடம் அதை வேடிக்கையாகச் சொல்லாதீர்கள்.

‘ராக்ஸ் ஃபார் ஜாக்ஸ்’ என்றால் நிலவியல் என்று எழுதுவதும் பிழைதான். அமெரிக்கக் கல்லூரிகளில் வேறு துறை மாணவர்கள் அறிவியல் பாடக் கணக்கை நிரப்ப எடுக்கும் அறிமுக நிலவியல் வகுப்புக்குத்தான் அந்தப் பெயர். விளையாட்டு வீரர்களும் தேறிவிடுவார்கள் என்பது அதிலுள்ள கிண்டல். ‘ஃபிசிக்ஸ் ஃபார் பொயட்ஸ்’ என்பதும் அப்படிப்பட்ட வகுப்பே. ‘ஷ்ரிங்க்’ மனநல மருத்துவரைக் குறிக்கும், அவருடைய துறையைக் குறிக்காது.

இயற்பியல் போக மற்றதெல்லாம் தபால்தலை சேகரிப்பு என்று இயற்பியலாளர் ரூதர்ஃபோர்ட் சொன்னதாக ஒரு வாசகம் சுற்றுகிறது. அவர் சொன்னதாகப் பிறர் எழுதிவைத்தது அது. மேற்கோள் குறிக்குள் போடாமல், ‘சொன்னதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதுங்கள். 1908இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு வேதியியலுக்கானது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

சுருக்கப் பெயர்களில் அதிகம் குழப்புவது ‘காம்ப்’. ‘காம்ப் சை’ கணினி அறிவியல், ‘காம்ப் லிட்’ ஒப்பிலக்கியம், ‘ரெட் காம்ப்’ என்பதிலோ கட்டுரை எழுதும் பயிற்சி. ‘ஸ்டாட்ஸ்’ புள்ளியியல், கடைசி ஒலியை விட்டு ‘ஸ்டாட்’ என்றால் மருத்துவமனையில் ‘உடனே’ என்று பொருள். ஆக்ஸ்ஃபோர்டில் ‘கிரேட்ஸ்’ என்பது கிரேக்க, லத்தீன் செவ்வியல் படிப்பு. ‘மாடர்ன் கிரேட்ஸ்’ 1920இல் தொடங்கிய தத்துவம், அரசியல், பொருளாதாரம் சேர்ந்த படிப்பு. விண்ணப்பம், தன்விவரக் குறிப்பு, பரிந்துரைக் கடிதம் மூன்றிலும் சான்றிதழில் உள்ள துறையின் முழுப் பெயரையே எழுதுங்கள். கட்டுரையானால் முதல் இடத்தில் முழுப் பெயர், அதன் பிறகு பட்டப்பெயர்.