நண்பர்கள் குடும்பங்களோடு ஓர் இரவு முகாம்: பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, மலையடிவாரத்திலோ ஏரிக்கரையிலோ கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கிவரத் திட்டமிடும்போது, பேச்சு பெரும்பாலும் என்னென்ன வாங்க வேண்டும் என்ற பட்டியலிலிருந்தே தொடங்குகிறது. பட்டியல் தேவைதான். எனினும் பொருள் குறைவதைவிட, யார் எதற்குப் பொறுப்பு என்று பேசிக்கொள்ளாததே இத்தகைய பயணங்களை அதிகம் சிக்கலாக்குகிறது. ஒருவர் தம் பிள்ளையோடு தனியாகப் போனால் அவர் கண் அந்தப் பிள்ளைமேலேயே இருக்கும். ஆறு பெரியவர்கள் கூடி உட்கார்ந்து பேசும் இடத்திலோ, பிள்ளைகளை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஆறு பேருமே நினைத்துவிட முடியும். ஆகவே இங்கே பொருள்களைவிடப் பொறுப்புகளைப் பற்றியே அதிகம் சொல்லப்படுகிறது.

புறப்படும் முன்

பயணத்துக்குச் சில நாள்களுக்கு முன்பே பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். எந்தப் பிள்ளைக்கு எது ஒவ்வாது, யார் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள், யாருக்கு இருட்டு என்றால் பயம், யார் இரவில் படுக்கையை நனைக்கக்கூடும் என்பவற்றை மற்றவர்களும் அறிந்திருக்க வேண்டும். நீந்தத் தெரியுமா என்று கேட்கும்போது, எங்கே, எவ்வளவு தூரம் நீந்தியிருக்கிறாள் என்றும் கேளுங்கள். தரை தெரியும் நீச்சல் குளத்தில் கற்ற நீச்சல் கலங்கிய, குளிர்ந்த ஏரி நீரில் அப்படியே கைகொடுக்காது. அடுத்தவர் பிள்ளையைக் கண்டிக்கலாமா என்ற சங்கடமான கேள்வியையும் அப்போதே தீர்த்துக்கொள்வது நல்லது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளைக்கும் கட்டளையிடலாம், மற்ற எல்லாவற்றையும் அந்தந்தப் பெற்றோரிடம் விட்டுவிடலாம் என்ற ஏற்பாடு நட்பையும் காக்கும், பிள்ளைகளையும் காக்கும்.

முதல் பயணத்துக்குக் கழிப்பறையும் குடிநீரும் உள்ள, வாகனம் அருகே வரை செல்லக்கூடிய முகாமிடமே போதும். சாகசம் குறைந்துவிடும் என்று கவலைப்பட வேண்டாம்; ஆறு வயதுப் பிள்ளைக்குக் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து இருட்டை எட்டிப் பார்ப்பதே பெரிய சாகசம். தங்கவும் தீ மூட்டவும் அனுமதி தேவையா, கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்குமா, அருகிலுள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். கூடாரத்தை முதல்முறையாக அங்கே போய்ப் பிரிக்காமல் வீட்டு முற்றத்திலோ கூடத்திலோ ஒருமுறை அடித்து, பிள்ளைகளை அதில் தூங்கவைத்துப் பார்த்தால், காணாமல்போன முளைகளும் தெரியும், யாருக்கு உள்ளே படுக்கப் பிடிக்கவில்லை என்பதும் தெரியும்.

நடக்கும் தூரமும் வழிதவறுதலும்

பிள்ளைகளோடு நடக்கும் தூரத்தைப் பெரியவர்கள் பெரும்பாலும் அதிகமாகவே மதிப்பிடுகிறார்கள். ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இதன்படி 300 மீட்டர் ஏற்றமுள்ள 6 கிலோமீட்டர் பாதைக்கு ஏறக்குறைய ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். இது உடல்வலு உள்ள பெரியவர் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. பிள்ளைகள் இருந்தால் இரட்டிப்பாக்கி, உண்ணவும் கல் பொறுக்கவும் ஆகும் நேரத்தைத் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள். சிகரத்தை இலக்காக வைப்பதைவிட ஓடையையோ ஏறி விளையாடக்கூடிய பெரிய பாறையையோ இலக்காக வைப்பது நல்லது, ஏனெனில் காட்சியழகுக்காக நடக்கும் பொறுமை பிள்ளைகளுக்குக் குறைவு. எங்கே இருந்தாலும் இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவோம் என்று புறப்படும்போதே முடிவெடுத்து, அந்த முடிவை நிறைவேற்றும் அதிகாரத்தை ஒருவரிடம் கொடுங்கள். பத்து நிமிடத்தில் உச்சி வந்துவிடும் என்று யாராவது கட்டாயம் சொல்வார். அப்போது வாக்கெடுப்பு நடத்தக் கூடாது.

நடக்கும்போது ஒரு பெரியவர் முதலிலும் இன்னொருவர் கடைசியிலும் இருக்க வேண்டும். முதல்வரை முந்தவோ கடைசியானவருக்குப் பின்தங்கவோ பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. மெதுவாக நடக்கும் பிள்ளையை முன்னால் விட்டால் கூட்டம் சிதறாது. நின்று புறப்படும் ஒவ்வொரு முறையும் ஒரே நபர் தலைகளை எண்ண வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் விசில் தொங்கட்டும். விளையாட்டுக்கு ஊதக் கூடாது, தொலைந்தால் மும்மூன்று முறை விட்டுவிட்டு ஊத வேண்டும் என்று பழக்குங்கள். அமெரிக்காவில் 1981-இல் ஒரு சிறுவன் மலைக்காட்டில் வழிதவறி இறந்த பிறகு, வழிதவறியதை உணர்ந்ததும் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சி அங்கே தொடங்கப்பட்டது. தேடுபவர்கள் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்தே தேடுவதால், நகராமல் இருக்கும் பிள்ளை விரைவில் கிடைத்துவிடும். நடந்துகொண்டே இருக்கும் பிள்ளை ஏற்கெனவே தேடி முடித்த இடத்துக்கும் போய்விடக்கூடும். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: திட்டுவார்கள் என்ற பயத்திலோ, அந்நியரிடம் பேசாதே என்று வீட்டில் சொன்னதை நினைத்தோ, தேடி வருபவர்களைக் கண்டு ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. தொலைந்தால் யாரும் கோபிக்க மாட்டோம், உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் குரல் கொடு என்பதைப் புறப்படும் முன்பே அவர்கள் மனத்தில் பதியவையுங்கள்.

நீர்நிலை அருகே

முழுப் பயணத்திலும் பெரியவர்களின் கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். மூழ்கும் பிள்ளை கையசைத்துக் கூச்சலிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மூச்சு விடவே போராடும் உடலுக்குக் கத்த மூச்சு மிஞ்சாது. கைகள் நீரை அழுத்தி உடலை மேலே தூக்கவே முயலும். கரையில் பலர் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஓசையின்றி, ஒரு நிமிடத்துக்குள் ஒரு தலை மறைந்துவிட முடியும்.

எனவே பிள்ளைகள் நீரில் இருக்கும் நேரம் முழுவதும் ஒரு பெரியவர் காவலராக இருக்க வேண்டும். அவருக்குக் கைப்பேசி, புத்தகம், அரட்டை, மது எதுவும் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறலாம். மாறும்போது ஒரு தொப்பியையோ கைப்பட்டையையோ, இப்போது நீ பார்க்கிறாய் என்று வாய்விட்டுச் சொல்லிக் கையில் கொடுக்க வேண்டும். சடங்கு போலத் தோன்றினாலும், யார் பார்க்கிறார்கள் என்ற ஐயத்துக்கு அது இடம் வைக்காது. அடுத்தவர் வாங்கிக்கொள்ள வராவிட்டால் பிள்ளைகள் கரையேற வேண்டியதுதான்.

காற்றடைத்த வளையமும் கைமிதவைகளும் விளையாட்டுப் பொருள்களே. சரியான அளவுள்ள உயிர்காப்புச் சட்டையே பாதுகாப்பு தரும். அணிவித்த பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிது. ஓடும் நீரில் முழங்கால் ஆழமே பெரியவரைச் சாய்த்துவிடும், மேலே எங்கோ பெய்த மழை இங்கே நீரை உயர்த்தும் என்பதால், நீர் திடீரெனக் கலங்கினாலோ சருகுகள் மிதந்து வந்தாலோ உடனே எல்லோரையும் வெளியேற்றுங்கள்.

கூடாரமும் இரவும்

கூடாரம் அடிக்குமுன் மேலே பாருங்கள். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி வேண்டாம். வறண்ட ஓடைத்தடத்தில் மணல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அங்கே படுக்கக் கூடாது. நீர்க்கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, கூடார வாயில்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வட்டமாக அமைத்தால், இரவில் எழும் பிள்ளை எந்தப் பக்கம் வந்தாலும் யாராவது ஒருவருடைய கண்ணில் படும். இருட்ட எவ்வளவு நேரம் உள்ளது என்பதைக் கணிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம்: கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே எத்தனை விரல்கள் அடங்குகின்றன என்று எண்ணினால், ஒரு விரலுக்கு ஏறக்குறைய 15 நிமிடம். சூரியனை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடல் விரைவாகச் சூட்டை இழக்கும். அதிலும் தரை கீழிருந்து சூட்டை உறிஞ்சுவதால் மேலே இன்னொரு போர்வையைவிடக் கீழே ஒரு நல்ல விரிப்பே அதிகம் பயன்படும். குளிருக்காக அடுப்பையோ கரித்துண்டுகளையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூங்குபவர் எழாமலேயே இறக்கக்கூடும். தீ மூட்டினால் அதைச் சுற்றிப் பிள்ளைகள் தாண்டக் கூடாத எல்லைக்கோடு ஒன்றும் அருகிலேயே ஒரு வாளி நீரும் இருக்கட்டும். படுக்கும் முன் நீரூற்றிக் கிளறி, சாம்பலுக்கு மேல் உள்ளங்கையைக் காட்டி, அது குளிர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

ஓடை நீரைக் கொதித்த பின் ஒரு நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடமானால் மூன்று நிமிடமும் கொதிக்கவிட்டுக் குடிக்கலாம். கழிப்பறை இல்லாவிடில் நீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூட வேண்டும். இடி கேட்டால் கூடாரம் காக்காது. மூடிய வாகனத்துக்குள் போய், கடைசி இடியோசைக்குப் பின் அரை மணி நேரம் காத்திருங்கள். பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

விளையாட்டுகளுக்கு மணிக்கணக்கில் நிகழ்ச்சிநிரல் தேவையில்லை என்பது என் கருத்து. சேற்றையும் குச்சிகளையும் கொடுத்து எல்லையை மட்டும் காட்டிவிட்டால் பிள்ளைகள் தாமாகவே ஆட்டம் ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். பிற்பகலில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை பசியாலும் களைப்பாலும் வருபவை. நியாயம் விசாரிக்குமுன் ஏதாவது உண்ணக் கொடுங்கள்.

மறுநாள் பிள்ளைகள் களைத்துச் சோரும்வரை காத்திராமல், அவர்கள் உற்சாகமாக இருக்கும்போதே மூட்டை கட்டத் தொடங்குங்கள். வண்டி ஓட்டுபவர் நன்றாகத் தூங்கினாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு சேர்ந்ததும் பிள்ளைகளின் அக்குள், காதுமடலின் பின்புறம், முழங்காலின் பின்புறம், தலைமுடி ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். ஈரக் கூடாரத்தை அன்றே விரித்துக் காயவையுங்கள், இல்லையேல் பூஞ்சை பிடித்துவிடும். திரும்பும் நேரத்தை எழுதிக் கொடுத்திருந்தவரிடம், வந்துவிட்டோம் என்று மறவாமல் சொல்லுங்கள். உங்கள் அழைப்பு வராவிட்டால் அவர் தேடுதலுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.